பெரியம்மா கொடுத்த முத்தத்தைத் துடைத்துவிட்டேன்

கேள்வி:

எனக்கு வயது 30. சிங்கப்பூரில், பொங்கோலில் இருக்கிறோம். மகளுக்கு 11 மாதம், முதல் குழந்தை. என் அம்மா திருச்சியில் இருக்கிறார். மகள் பிறந்த புதிதில் ‘கை கழுவாமல் குழந்தையைத் தொடாதீர்கள்’ என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தேன். முப்பதாம் நாள் புண்ணியதானத்துக்கு ஜொகூர் பாருவிலிருந்து வந்த கணவரின் பெரியம்மா குழந்தையின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். எல்லாரும் பார்க்க வெட் டிஷ்யூவால் அந்த இடத்தைத் துடைத்தேன். குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

போன மாதம் மகள் இரண்டு அடி எடுத்து வைத்தாள். வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘பத்தரை மாசத்துலயே நடக்கிறா! அக்கா, உங்க வீட்டுச் சிங்கம் எப்போ?’ என்று ஓரகத்தியைக் கேட்டேன். அவர் மகனுக்கு 14 மாதம். கட்டைவிரலை உயர்த்தும் படம் ஒன்றைப் போட்டார். அன்று இரவே குழுவிலிருந்து விலகிவிட்டார். பையனை வளர்ச்சிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வெட்கத்தில் தூக்கம் வரவில்லை. இப்போதும் இரவில் நாலைந்து தடவை எழுந்து மகளின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். பகலில் மகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஃபன்ட் கேருக்கு ஒரு நாளில் ஐந்து தடவை போன் செய்கிறேன். அடுத்த மாதம் முதல் பிறந்தநாள். எல்லாரையும் எந்த முகத்தோடு அழைப்பது? நான் ஏன் இப்படி ஆகிவிட்டேன்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

இரண்டு சம்பவங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். முதலில் அதை அவிழ்த்துத் தனித்தனியாக வைப்போம். பெரியம்மா விஷயத்தில் நீங்கள் பயந்தது சரி, நடந்துகொண்ட விதம்தான் தவறு. ஓரகத்தி விஷயத்தில் சரி என்று சொல்ல எதுவும் இல்லை. என்னை நம்பிக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

பெரியம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். ஆலோசகர் ஆவதற்கு முன் பல வருடங்கள் பாலிகிளினிக்கில் குழந்தைகளுக்கு ஊசி போடும் தாதியாக வேலை பார்த்தவள் நான். இங்கே பிறந்த உடனே குழந்தைக்குப் போடுவது காசநோய்க்கான பிசிஜியும் ஹெப்படைட்டிஸ் பி முதல் ஊசியும்தான். கக்குவான் இருமலையும் சேர்த்துத் தடுக்கும் ‘சிக்ஸ் இன் ஒன்’ ஊசி 2-ஆம் மாதத்தில்தான் தொடங்குகிறது. தட்டம்மை ஊசிக்கு 12 மாதம் ஆக வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது 16 முதல் 32 வாரத்துக்குள் அம்மா போட்டுக்கொள்ளும் கக்குவான் ஊசி அந்த இடைவெளியில் குழந்தைக்குக் கைகொடுக்கும். மற்றபடி ஒரு மாதக் குழந்தைக்குப் பாதுகாப்பு குறைவுதான். நமக்கு இரண்டு நாள் சளியாக வந்து போகிற கிருமி, பச்சைக் குழந்தைக்கு மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம். உதட்டோரத்தில் கொப்புளம் உள்ளவர் முத்தம் கொடுத்தால் இன்னும் ஆபத்து. ஆகவே கை கழுவச் சொன்னதற்கும், முகத்தில் முத்தம் வேண்டாம் என்று நினைத்ததற்கும் நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. வாசலில் ஒட்டிய தாளுக்கும் வேண்டாம்.

புண்படுத்தியது அந்த டிஷ்யூதான். முத்தம் கொடுத்து முடிந்த பிறகு கன்னத்தைத் துடைப்பதால் குழந்தைக்குப் பெரிதாகப் பாதுகாப்பு எதுவும் கிடைத்துவிடப் போவதில்லை. அந்த நேரத்தில் கைக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது, செய்துவிட்டீர்கள். ஆனால் பெரியம்மாவின் இடத்திலிருந்து பாருங்கள். மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் காஸ்வேயில் வரிசையில் நின்று, இரண்டு இடத்தில் குடிநுழைவைத் தாண்டி, பஸ்ஸும் ரயிலும் மாறி, தங்கை மகனின் முதல் குழந்தையைப் பார்க்க வந்திருக்கிறார். தன் வாய் பட்ட இடத்தை உடனே துடைக்கிறார்கள். எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கை அது. ‘நான் அசுத்தம்’ என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும். சுற்றி உறவெல்லாம் நின்றுகொண்டிருக்கும்போது பட்டிருக்கும்.

நம் பழைய வழக்கத்தில் குழந்தையை உச்சி மோந்துதான் கொஞ்சுவார்கள். பாதத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இனி யாராவது முகத்தை நோக்கிக் குனிந்தால், குழந்தையின் காலை நீங்களே நீட்டி, ‘பெரியம்மா, பாதத்துல குடுங்க, அவளுக்கு அதுதான் பிடிக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். இதைச் சொல்லிக் கோபித்துக்கொண்ட பெரியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. இன்னொன்று, தன் பக்கத்து உறவுகளுக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டும். மருமகள் வாயிலிருந்து வந்தால் அது வேறு மாதிரிக் கேட்கும். உங்கள் கடிதம் முழுவதும் தேடினேன், அந்த முப்பதாம் நாளில் அவர் எங்கே நின்றார் என்று ஒரு வரிகூட இல்லை. இன்று இரவு அவரிடம் அதைப் பேசுங்கள், குறை சொல்வதாக இல்லாமல்.

சரி, இப்போது அந்த வீடியோ.

பாலிகிளினிக்கில் எடை பார்க்கும் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். உடுப்பையும் டயப்பரையும் கழற்றி, தராசில் விரித்த தாளின்மேல் குழந்தையைப் படுக்க வைப்போம். குளிர் பட்டதும் அழும். எண்ணைச் சுகாதாரப் புத்தகத்தில் குறித்து, வளைகோட்டு வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்போம். அந்தப் புள்ளியைப் பார்க்கிற அம்மாவின் கண் அடுத்த நொடியே பக்கத்து நாற்காலியில் இருப்பவர் மடியில் விரிந்திருக்கும் புத்தகத்துக்குப் போகும். நான் பார்த்ததில் தப்பியவர்கள் மிகக் குறைவு. ஒருமுறை ஓர் அம்மா, புள்ளி 50-ஆவது கோட்டில் விழுந்ததைப் பார்த்துவிட்டு, ‘சிஸ்டர், பாதி மார்க்தானா?’ என்று கேட்டார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அதே வயதுக் குழந்தைகள் 100 பேரை எடை வாரியாக வரிசையில் நிறுத்தினால் உங்கள் பிள்ளை நடுவில் நிற்கிறது, அதற்குத்தான் 50 என்று விளக்கினேன். 3-ஆவது கோட்டில் ஓடுகிற குழந்தையும் அந்தக் கோட்டை ஒட்டியே வளர்ந்து வந்தால் பெரும்பாலும் ஆரோக்கியமான குழந்தைதான். ஆனால் பாலர் பள்ளியிலிருந்து தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ வரை மதிப்பெண்ணிலேயே வளர்ந்தவர்கள் நாம். புத்தகத்தில் எண் எதைப் பார்த்தாலும் பரீட்சை ஞாபகம் வந்துவிடுகிறது.

நடப்பதும் அப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. பிடிமானமில்லாமல் தானாக நடக்கத் தொடங்கும் வயது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை பரந்து கிடந்தது. நூற்றுக்கு நாலு பேர் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. நேராக எழுந்து நடந்துவிட்டார்கள். உங்கள் மகள் பத்தரை மாதத்தில் வைத்த இரண்டு அடி அவளுடையது, அழகானது, நீங்கள் ஓடிப்போய் போனை எடுத்ததில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அது உங்கள் வளர்ப்புக்குக் கிடைத்த மதிப்பெண் கிடையாது. 14 மாதத்தில் நடக்காதது ஓரகத்திக்கு விழுந்த குறையும் கிடையாது.

முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த எண்களை ஓரகத்தியிடம் கொண்டுபோகாதீர்கள். ‘அக்கா, பதினேழரை மாசம் வரைக்கும் ஆகலாமாம், கவலைப்படாதீங்க’ என்று ஆறுதல் சொல்ல வாய் துறுதுறுக்கும். மருத்துவர் அந்தப் பையனிடம் நடையை மட்டும் பார்த்திருக்க மாட்டார். பார்வை, பேச்சு, கை அசைவு என்று எதை எதையோ கவனித்துத்தான் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்பியிருப்பார். அது உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மேல் பரிசோதனைக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற அம்மாவின் நெஞ்சில், முன்பதிவு தேதி வரும்வரை ஒரு கல் கிடக்கும். உங்கள் வீடியோ அந்தக் கல்லின்மேல் போய் விழுந்திருக்கிறது. தெரியாமல் செய்தீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு ஏற்பட்ட வலி, தெரிந்து செய்ததைவிடக் குறைவாக இருக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் மகள் ஒன்றரை வயதில் பாட்டுப் பாடுவாள். இரண்டு வரி, மழலையாக. தாதியர் உணவறையில் ஒருநாள் என்னோடு வேலை பார்த்த தோழியிடம் அதைச் சொல்லி, ‘உன் பையன் இன்னும் பேச ஆரம்பிக்கலையா?’ என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பையனுக்கு இரண்டரை வயது அப்போது. நாங்கள் தொடர்ந்து ஒன்றாகத்தான் வேலை செய்தோம், ஷிஃப்ட் மாற்றிக்கொண்டோம், பிறந்தநாள் கேக் வெட்டினோம். ஆனால் அந்தப் பேச்சு என் மனசைவிட்டுப் போகவில்லை. ஆறு வருடம் கழித்து ஒரு மழை நாளில் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு மறந்திருக்கும் என்று நினைத்தேன். அவள் சொன்னாள்: ‘அன்னைக்கு நீ மீ கோரேங் சாப்பிட்டுக்கிட்டு இருந்த. சம்பல் அதிகம்னு ஓரமா ஒதுக்கி வச்ச.’

ஆறு வருடமாக அவள் அதைத் தட்டோடு ஞாபகம் வைத்திருந்தாள். நீங்கள் ஆறு வருடம் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பிறந்தநாள் அழைப்பு போவதற்கு முன்பே ஓரகத்தியைப் போய்ப் பாருங்கள். அழைப்பிதழோடு சேர்த்து மன்னிப்பையும் கொண்டுபோனால், விழாவுக்கு வரவழைக்கத்தான் கேட்கிறாள் என்று ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் வேண்டாம். குழுவில் வேண்டவே வேண்டாம், அங்கே கேட்டால் எல்லாரும் பார்க்க அவர் மன்னித்தே ஆக வேண்டும். குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள். அந்த வீட்டுக் கூடத்தில் உங்கள் மகள் தத்தித் தத்தி நடக்க, நீங்கள் மன்னிப்புக் கேட்பது நன்றாக இருக்காது.

பேச்சு நீள வேண்டாம். ‘அக்கா, அன்னைக்கு குரூப்ல நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என் சந்தோஷத்துல உங்களை இழுத்துவிட்டுட்டேன். மன்னிச்சிடுங்க.’ இது போதும். ‘எனக்குத் தெரியாதுக்கா’ என்று சேர்க்காதீர்கள், அது கணக்கைக் கழிப்பது போல ஆகும். அழுகை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அழுதால் அவர் எழுந்து வந்து உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். பரிசோதனையைப் பற்றி அவராகச் சொன்னால் காது கொடுங்கள், அதோடு சரி. வேறு ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று இருந்தால், பையனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிற நாளில் சமைத்துக் கொடுத்தனுப்புங்கள். அவர் பதில் சொல்லாமலே இருக்கலாம். கதவை மெதுவாகச் சாத்தலாம். அதற்கும் தயாராகப் போங்கள்.

‘நான் ஏன் இப்படி ஆகிவிட்டேன்’ என்று கேட்டிருக்கிறீர்கள். என்னால் ஊகிக்க முடிகிறது. உங்கள் 16 வார மகப்பேற்று விடுப்பில், கணவர் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து, பகல் முழுவதும் அந்த வீட்டில் நீங்களும் குழந்தையும் மட்டும். அம்மா திருச்சியில். வருகிறவர்கள் எல்லாரும் குழந்தையைத்தான் பார்க்க வருகிறார்கள். மெலிந்திருக்கிறதே, பால் போதுகிறதா, ஏன் இன்னும் முடி வரவில்லை என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ‘நீ நல்லாப் பாத்துக்கற’ என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாரா? அப்படிச் சொல்ல ஆளில்லாத வீட்டில், வாசலில் தாள் ஒட்டுகிற கையும் குழுவில் வீடியோ போடுகிற கையும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. நான் நல்ல அம்மாதானே? கேள்வியில் தப்பே இல்லை. ஐம்பது பேர் இருக்கிற குடும்பக் குழுவுக்கு அதற்குப் பதில் தெரியாது. கணவரிடம் நேராகவே கேளுங்கள். வீடியோவைத் திருச்சிக்கு அனுப்புங்கள். எத்தனை அனுப்பினாலும் உங்கள் அம்மாவுக்கு அலுக்காது, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் பாட்டிமார் பிள்ளையின் பெருமையை வெளியில் பேச மாட்டார்கள். அழகான குழந்தை என்று யாராவது சொன்னால் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பார்கள். முந்தின பிள்ளைகள் தங்காத வீட்டில் பிறந்த குழந்தைக்குக் குப்பை, பிச்சை என்றே பெயர் வைத்தார்கள். கண் பட்டுவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். அந்தக் காலத்துத் தெருவில் பிள்ளை இல்லாத ஒருத்தியும், பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியும் கட்டாயம் இருந்திருப்பார்கள். அவர்கள் காதில் விழும்படி பேசாமல் இருந்ததில் ஓர் இரக்கம் இருந்திருக்கிறது. நம் குடும்பக் குழுக்களிலும் அப்படி யாராவது ஒருவர் இருக்கிறார்.

இன்ஃபன்ட் கேருக்குப் போன் செய்வதைச் சீக்கிரமே குறைத்துவிடலாம். 18 மாதத்துக்குட்பட்ட 5 குழந்தைகளுக்கு ஒருவர் என்பது இங்குள்ள விதி. அவர் உங்கள் அழைப்பை எடுக்கும்போது ஐந்து குழந்தைகளையும் விட்டுவிட்டுத்தான் எடுக்கிறார், அதில் ஒன்று உங்கள் மகள். மதியத் தூக்கத்துக்குப் பிறகு ஒரே ஒரு குறுஞ்செய்தி என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றாலோ, வாயிலோ கையிலோ கொப்புளம் கண்டாலோ அவர்களே உங்களை அழைப்பார்கள்.

ஆனால் இரவில் எழுந்து மூக்கருகே விரல் வைப்பதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகக் கவலை தந்த வரி அதுதான். தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணம் பெரும்பாலும் முதல் 6 மாதங்களுக்குள் நடப்பது. மல்லாக்கப் படுக்க வைப்பது, தலையணையும் பொம்மையும் கனத்த போர்வையும் இல்லாத தொட்டில், புகை இல்லாத வீடு, இவைதான் அதற்குக் காவல். 11 மாதக் குழந்தையின் மூச்சை நாலு தடவை தொட்டுப் பார்த்தும் மனசு அடங்கவில்லையென்றால், குழந்தைக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் உதவி வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் மன அழுத்தத்தைப் பற்றி இப்போது ஓரளவு பேசுகிறார்கள். அதே காலத்தில் வரும் பதற்ற நோயைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. முதல் வருடம் முழுவதும் அது நீடிக்கலாம், சிகிச்சையில் குணமாகும். குழந்தை தூங்கும்போதும் உங்களால் தூங்க முடியவில்லை, ஏதோ கெட்டது நடக்கப் போவதுபோல் படம் படமாக மனசில் ஓடுகிறது என்றால், இந்த வாரமே பாலிகிளினிக்கிலோ உங்கள் மகப்பேற்று மருத்துவரிடமோ போய், இப்போது எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். நடு இரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 1771 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அடுத்த மாதம் மகளுக்கு 12-ஆம் மாத ஊசி இருக்கிறது. எப்படியும் கிளினிக்குக்குப் போவீர்கள், அதுவரைக்கும் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்காகத்தான் இந்த வாரம் என்கிறேன்.

பிறந்தநாளுக்குத் திரையில் படங்கள் ஓடவிடுவீர்கள், இப்போது எல்லார் வீட்டிலும் வழக்கமாகிவிட்டது. இந்த மாதத்தில் குப்புற விழுந்தாள், இந்த மாதத்தில் நடந்தாள் என்று தேதி போடாமல், அவளைத் தூக்கி வைத்திருந்தவர்களின் படங்களாகத் தேடிப் போடுங்கள். முப்பதாம் நாளில் யாராவது எடுத்த படத்தில், நீங்கள் டிஷ்யூவை எடுப்பதற்கு முன், பெரியம்மா குழந்தையோடு இருக்கும் படம் ஒன்று கண்டிப்பாக இருக்கும். அதைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஜொகூருக்குப் போங்கள். கணவரும் வரட்டும். வார இறுதியில் காஸ்வேயில் கூட்டம் தாங்காது, குழந்தை துவண்டுவிடும். ஒரு செவ்வாயோ புதனோ விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் எதையும் விளக்க வேண்டாம். குழந்தையைப் பெரியம்மாவின் மடியில் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் கீழே உட்காருங்கள்.